ஓகே ஆகாத பாட்டு

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பாட்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டோம். பத்துப் பாட்டு. எல்லாம் அவரவர் சொந்த மெட்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. எங்களோடு முப்பது வருஷமாக மேடையில் நின்று பாடிய அக்கா ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்துவிட்டது; அவருடைய ஆபரேஷனுக்காகத்தான் அந்த ஆல்பம். அத்தனை பாட்டையும் பதிவு செய்து, சரிசெய்து, வெளியே அனுப்பியவன் நான். இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது அந்த ஆல்பத்தைப் பாராட்டினால் எனக்கு எரிச்சல் வருகிறது. பாராட்டுகிறவர்கள் மேல் தப்பில்லை. நான் செய்த காரியம் அவர்களுக்குத் தெரியாது.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய செட்டியார் வீடு ஒன்றின் பின்கட்டில், ஒரு காலத்தில் கல்யாணப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்த அறை அது. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முன்னோர்களுக்குப் படையல் போடுகிற படைப்புக்கு வருஷம் ஒருமுறை வந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் நானும் காவல்காரரும்தான். முகப்பு ஹாலில் நின்று கைதட்டினால் சத்தம் நாலு சுற்றுச் சுற்றி வரும். இந்த அறையில் தட்டினால் அங்கேயே செத்துவிடும். சுவர் அவ்வளவு கனம். அதன் மேல் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளை அடித்து, ஒரு மைக், ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டேன். திருவிழா விளம்பரம், பள்ளி ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பாட்டை வெட்டி ஒட்டுவது, குலதெய்வத்தின் மேல் யாராவது எழுதிக்கொண்டு வரும் பக்திப் பாட்டு என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் ஒரு தடவை பாடிப் பதிவாவதை நாங்கள் டேக் என்போம். சரியாக வந்தால் ஓகே. சரியாக வராத டேக்கை நான் வைத்துக்கொள்வதில்லை. பாடியவர் தெருவில் இறங்குவதற்குள் அழித்துவிடுவேன். கம்ப்யூட்டரில் குப்பைத் தொட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதையும் காலி செய்துவிடுவேன். தொழிலுக்கு வந்த புதிதில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முருகன் பாட்டுப் பாட வந்தார். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறிவிட்டது. அந்த டேக்கை நான் அழிக்காமல் விட்டிருந்தேன். யாரோ அதை போனில் எடுத்துக்கொண்டு போய், ஒரு டீக்கடையில் போட்டுக்காட்டி, ஊரே சிரித்தது. வாத்தியார் அதோடு பாடுவதை விட்டுவிட்டார். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதையும் விட்டுவிட்டார். அன்றிலிருந்து இந்தப் பழக்கம். "அவருகிட்டப் போயிப் பாடுனா மானம் போகாதுப்பா" என்று பாடுகிறவர்களுக்குள் எனக்கொரு பெயர் உண்டாயிற்று. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளத்தூர்க்காரர். கணவர் போய் வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகள், தையல் மெஷின் போட்டு வீட்டிலிருந்தே துணி தைக்கிறார். ஒக்கூர், கண்டரமாணிக்கம் என்று எந்த ஊர்த் திருவிழாவாக இருந்தாலும் எங்கள் மெல்லிசை ட்ரூப் மேடை ஏறினால் பெண் குரல் அக்காதான். சினிமாவில் பாடிய பெரிய பாடகிகள் நாலைந்து பேரின் குரல் அவர் தொண்டைக்குள் இருந்தது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அந்தப் பாட்டுக்குரிய குரல் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டால் ரேடியோதான். கூட்டம் கைதட்டும், துண்டுச் சீட்டில் பாட்டு கேட்டு அனுப்பும். அக்காவுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று ஒரு சீட்டிலும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தத் தொண்டை எட்டு மாதமாகக் கட்டிக்கொண்டே இருந்தது. எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்டுவது, சமைக்கிறவர்களுக்குக் கை சுடுவது மாதிரி. மேடையில் விடுகிற புகையினால் என்றார் ஒருவர். பனியினால் என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். மிளகுப் பால், பனங்கற்கண்டு, ஆடாதொடை. நான் சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். அதையும் வாங்கி ஒரு மாதம் அடக்கிக்கொண்டிருந்தார். வேறு வேலை செய்கிறவராக இருந்தால் இரண்டாவது மாதமே டாக்டரிடம் போயிருப்பார். எங்கள் கூட்டத்தில் இருந்ததால்தான் எட்டு மாதம் போயிற்று.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்பெட்டியை முழுதாக எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தால் உயிர் பிழைக்கலாம். குரல் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புமா என்று மகள் கேட்டதற்கு, இல்லை, வராது என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு, அன்றிலிருந்து ஐந்து வாரம் தள்ளி, ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

ட்ரூப்பை நடத்துகிறவர் மைக்செட் கடை வைத்திருக்கிறார். அவரை எல்லோரும் அண்ணன் என்போம். அவர் கடையில் கூடினோம். திருவிழாக் காலம் முடிந்திருந்தது. கச்சேரி வைத்தால் கூட்டம் வராது. இன்ஜினியரிங் கல்லூரியில் படித்துக்கொண்டே ராப் பாடுகிற பையன்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். ஆல்பமாகப் போட்டால் வெளிநாட்டில் இருக்கிறவர்கள்கூட வாங்குவார்கள் என்று சொன்னது அவர்கள்தான். சினிமாப் பாட்டு போட முடியாது, இணையத்தில் ஏற்றிய மறுநிமிஷம் தூக்கிவிடுவார்கள். சொந்தப் பாட்டுதான் வேண்டும். அதைக் கேட்டதும் எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. நான் பார்த்தேன். என் முகத்திலும் வந்திருக்கும்.

முதல் நாள் எல்லோரும் உதவி செய்ய வந்தவர்களாக இருந்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து கலைஞர்கள் ஆகிவிட்டார்கள். என் பாட்டு முதலில் வர வேண்டும் என்று ஒருவர். அவர் பாட்டு ஐந்து நிமிஷம் என்றால் எனக்கு மட்டும் ஏன் நாலு என்று இன்னொருவர். சர்ச்சில் கிடார் வாசிக்கிறவர் தன் பாட்டில் கிடார் சத்தம் கம்மி என்று மூன்று முறை என்னை எல்லாச் சத்தங்களையும் திரும்பக் கலக்க வைத்தார். ராப் பையன்கள் பதினாறு ஒலித்தடத்தில் டிரம்ஸ் ஏற்றி, என் கம்ப்யூட்டரை மூச்சுத்திணற வைத்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பாட்டையே பாடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சொந்தமாக ஐந்து நிமிஷம் கிடைத்தால் அப்படித்தான் ஆவார்கள்.

முதல் வாரத்திலேயே அண்ணனிடம் சொன்னேன். "அக்காவையும் ஒன்னு பாட வைக்கலாமேண்ணே. இன்னும் நாள் இருக்குல்ல."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "நமக்குன்னு ஒரு முறை இருக்குல்லப்பா. யாருக்காக நடத்துறமோ அவுக மைக்கைத் தொடக் கூடாது. நாம பாடணும், அவுக உக்காந்து கேக்கணும். அவுகளையே பாட வச்சு ஊருல காசு கேட்டமுன்னா அதுக்குப் பேரு வேற."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ட்ரூப்களில் அப்படி ஒரு முறை உண்டு. ஒக்கூரில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது வேன் கவிழ்ந்து எங்கள் டிரம்ஸ்காரருக்குக் கால் நசுங்கியது. அவருக்காகக் கச்சேரி வைத்தோம். கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தது, வாசித்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் நாற்காலி போட்டு, பொன்னாடை போர்த்தி உட்கார வைத்தோம். அவர் விரல் மட்டும் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு மேடையில் நின்று பாடியது அக்காதான். அதனால் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அண்ணன் சொல்றது சரிதானப்பா" என்று முடித்துக்கொண்டார். மரியாதை கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, குரல் போகப் போகிற ஒருவரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னோம்.

அக்கா அடிக்கடி மத்தியான பஸ்ஸில் வருவார். மற்றவர்கள் பாடுவதை ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பாடி முடித்தவருக்கு ஃபிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் வந்தார். திங்கட்கிழமை. ஆபரேஷனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"தம்பி, ஒரு பாட்டுப் பாடிக்கிறவா?"

"அதுக்கென்னக்கா, வாங்க."

"ஆல்பத்துக்கு வேணாம். அண்ணனுக்குத் தெரியவும் வேணாம். இது எனக்கு. இது நானே கட்டுன பாட்டு. எங்கயும் பாடுனதில்ல. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்து வச்சுக்கணும் போல இருக்கு."

அக்காவுக்குச் சொந்தப் பாட்டு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் நின்றார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். கச்சேரி முடிந்து விடிகாலையில் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பாட்டு அது. மேடைக்குப் பூசிய பவுடரோடு பஸ்ஸில் ஏறினால், வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். முப்பது வருஷம் அந்தப் பார்வைக்குள்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதை அழாமல், கேலியாகக் கட்டியிருந்தார்.

"முதப் பஸ்ஸு டிரைவரே, முன்சீட்டு வேணாய்யா,
மூஞ்சிப் பவுடரு தெரியாம மூலையில விட்டுருங்க."

நான் சிரித்துவிட்டேன். அக்காவும் கண்ணால் சிரித்துக்கொண்டே பாடினார். நாலைந்து சரணம் இருந்தது. எந்தப் பாடகியின் சாயலும் இல்லை. இரண்டாவது சரணத்தில் மூச்சு விசில் அடித்தது. மூன்றாவதில் இருமல் வந்து பாட்டு அறுந்தது. வேறு யாராக இருந்தாலும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அக்கா நிறுத்தச் சொல்லவில்லை. இருமி முடித்து, அறுந்த அடியிலிருந்தே எடுத்துக்கொண்டு கடைசிவரை போனார். முடிந்ததும் ஒரு பெருமூச்சு, ஒரு சின்னச் சிரிப்பு. அதுவும் பதிவாயிற்று.

"போட்டுக் காட்டுறியா தம்பி?"

"இப்ப வேணாம்க்கா. கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டு வைக்கிறேன். வியாழக்கிழமை வாங்க, கேப்பம்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவரும் கிளம்பிவிட்டார்.

அவர் போனபிறகு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, தொழில்காரனாகக் கேட்டேன். எனக்குத் தாங்கவில்லை. மணலில் பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி இருந்தது குரல். சுரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நழுவியது. விசில், இருமல், மூச்சு. இந்தக் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆயிரம் மேடையில் பக்கத்தில் நின்று கீபோர்டு வாசித்தவன் நான். அக்காவுடையது என்று கடைசியில் மிஞ்சுவது இதுவாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு நாள் பேசாமல் இருக்கச் சொல்லி, ஆவி பிடிக்கச் சொல்லி, வியாழக்கிழமை வேறு டேக் எடுத்துவிடலாம். அது நன்றாக வரும். நல்லது ஒன்று கையில் வந்தபிறகு இது எதற்கு? பன்னிரண்டு நாள் இருக்கிறதே.

அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அதற்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் ராப் பையன்கள் வந்தார்கள். அவர்களுடைய பதினாறு தடத்தையும் மறுபடி எடுத்துச் சேமித்தேன்.

மறுநாள் காலையில் மகளிடமிருந்து போன் வந்தது. "மாமா, அம்மாவுக்கு மூச்சு விட முடியல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போறோம்." தொண்டைக்குள் வீங்கி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டிருந்தது. போனவுடன் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு அந்த வழியாகப் போய் வந்தது. பேச்சு அன்றைக்கே நின்றுவிட்டது. ஆபரேஷன் நாளை முன்னால் கொண்டுவந்து, அந்த வாரமே செய்துவிட்டார்கள். வியாழக்கிழமை என்று நான் சொன்ன நாளில் அக்கா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார்.

அண்ணனும் நானும் மதுரைக்குப் போய்ப் பார்த்தோம். கழுத்தில் கட்டு, மூக்கில் குழாய். கண் மட்டும் பழைய கண். எங்களைப் பார்த்ததும் தலையணைக்குக் கீழிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து எழுதி, அண்ணனைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

"என் பாட்டுப் பத்திரமா இருக்குல்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

யோசித்து ஆட்டவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் செய்ய முடியவில்லை. அக்கா நோட்டை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். வெளியே வந்ததும், "என்ன பாட்டுப்பா?" என்று அண்ணன் கேட்டார். ஆல்பத்தைத்தான் கேட்கிறார் என்று அவரிடமும் பொய் சொன்னேன். மகள் எங்களை வாசல்வரை வழியனுப்ப வந்தார். "நேத்து ராத்திரி ரொம்ப அழுதாக. அப்பறம் அவுகளே எழுதுனாக, பரவாயில்ல, ஒன்னு மாமாகிட்ட இருக்குன்னு" என்றார். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அண்ணன் பேசிக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் காதில் வாங்கவில்லை.

அழித்ததை மீட்டெடுக்கிற மென்பொருள் உண்டு. வந்தவுடன் அதைப் போட்டேன். அழித்த இடத்தில் வேறு எதையும் எழுதாமல் இருந்தால்தான் கிடைக்கும். அன்று சாயங்காலமே நான் எழுதிவிட்டேனே. தேடித் தேடி, பெயரில்லாத ஒரு கோப்பு அகப்பட்டது. திறந்து கேட்டால், ராப் பையன்களின் டிரம்ஸ் இரண்டு நொடி, அப்புறம் வெறும் இரைச்சல். அக்காவுக்காகப் போட்ட பாட்டுதான் அக்காவின் பாட்டு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரை மதுரையில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே இருந்தவரும் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

மேடையில் எடுத்த வீடியோக்கள் ஊரில் எத்தனையோ பேர் போனில் இருந்தன. வாங்கிக் கேட்டேன். எல்லாவற்றிலும் அக்கா வேறு யாருடைய குரலிலோ பாடுகிறார். ராப் பையன்களில் ஒருவன், அந்த வீடியோக்களைக் கொடுத்தால் மெஷினே அக்கா குரலில் புதுசாகப் பாடும் என்றான். காரணத்தைச் சொல்லாமல் அவனிடம் செய்யச் சொன்னேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கொடுத்து ஏமாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கு நினைவிருந்த இரண்டு அடியை மெஷின் பாடியது. சுத்தமாகப் பாடியது. சினிமாப் பாடகி ஒருவரின் குரல் மாதிரியே இருந்தது. அதையும் அழித்தேன். அந்த அழிப்பில் மட்டும் எனக்கு வருத்தம் இல்லை.

ஆல்பம் வெளியானபோது ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. மகள் எப்படியோ புரட்டிச் செலவைக் கட்டியிருந்தார். ஆல்பத்தில் வந்தது மருந்துக்கு உதவியது. ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டின் நடுமுற்றமான வளவில் விழா வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் போட்டோ எடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்த செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் ஆல்பத்தை வெளியிட்டார். முன்வரிசையில் நாற்காலி, அக்காவுக்குப் பொன்னாடை. கழுத்துத் துளையை மறைத்து ஒரு துணி கட்டியிருந்தார். பத்துப் பேரும் வரிசையாகப் பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். கடைசியில் அண்ணன் மைக்கைப் பிடித்து, "அக்காவோட குரலு இந்த ஆல்பத்துல ஒவ்வொரு பாட்டுலயும் இருக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. ஒரு பாட்டிலும் இல்லை. நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஒரு நொடிகூட இல்லை. அதைக் கலந்தவன் நான், எனக்குத் தெரியும். அக்காவும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்த வாரம் மகள் ஒரு பென் டிரைவோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். "அம்மா அந்தப் பாட்டை ஏத்தியாரச் சொன்னாக மாமா." கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார். மதுரைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன். மூன்றாம் முறை அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியேறி, பழைய சாமான் விற்கிற கடையில் போய் நின்றுகொண்டேன். நாற்பத்து மூன்று வயதில், கடன்காரனைக் கண்டு ஒளிகிறவன் மாதிரி ஒளிந்து நின்றேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் மத்தியானம் அக்காவே வந்துவிட்டார். தனியாக வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்த களைப்பில், கழுத்துத் துணி மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. அந்த மூச்சின் சத்தம் அந்த அறையில் தெளிவாகக் கேட்டது. அங்கே எதையும் மறைக்க முடியாது. மைக் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதுவும் எழுதாமல், ஸ்பீக்கரைக் கையால் காட்டினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கம்ப்யூட்டர் என் முன்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேர் என்று சொல்ல வழியில்லை.

"இல்லக்கா" என்றேன். "அழிஞ்சுபோச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதி, திருப்பிக் காட்டினார்.

"கரண்டு போயிருச்சா?"

எனக்குத் தப்பிக்க வழியை அவரே திறந்து கொடுத்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மின்சாரத்தை இரண்டு பேரும் சேர்ந்து திட்டியிருக்கலாம். பரவாயில்லை விடு என்று அவர் எழுதியிருப்பார். ஆஸ்பத்திரியில் தலையை ஆட்டியது ஞாபகம் வந்தது. இன்னொரு முறை என்னால் முடியாது என்று தோன்றியது.

"இல்லக்கா. நாந்தான் அழிச்சேன். நீங்க பஸ்ஸுக்குப் போன உடனே அழிச்சுட்டேன்."

"ஏன்?"

ஒரே ஒரு சொல்தான் எழுதினார். எனக்கு வாய் கூசியது. இருந்தும் சொன்னேன். "குரல் சரியா வரலக்கா. இருமல் விழுந்திருந்துச்சு. வியாழக்கிழமை நல்லா ஒன்னு எடுத்துக்கலாம்னு நெனச்சேன். அந்தக் குரலோட உங்க பாட்டு வெளிய இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." அழுதேன். என் அழுகையைப் பார்த்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். தேற்றவும் இல்லை. திட்டவும் இல்லை.

பிறகு பேனாவை மறுபடி எடுத்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். இந்தமுறை திருப்பிக் காட்டவில்லை. நானே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி."